குழாய் வாயில் நின்றவர்

எல்லோருக்கும் அவர் குழாய்க்காரர். தூர்வாரும் கப்பல் கடலடி மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி நீளக் குழாயில் கரைக்குத் தள்ளும். அது வந்து கொட்டும் வாயில் நிற்பது அவர் வேலை. மீசை அரும்பிய வயதில் சேர்ந்தவர். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத மனிதர், சாப்பாடுகூட நின்றபடிதான். "உங்கப்பாவுக்கு நாற்காலி வாங்கினது தண்டம்டீ" என்று மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மனைவி பயணிகள் படகில் டிக்கெட் கொடுப்பவள். புயலில் படகு துறைமுகக் கால்வாயில் கவிழ்ந்தது. அவள் ஒருத்தியைத் தவிர எல்லோரும் கிடைத்தார்கள். அதே புயல் கால்வாயை மணலால் தூர்த்தது. ஆற்றுக் கரையை உடைத்துத் தெருக்களை மூழ்கடித்தது. கால்வாய் மணலை அள்ளி உடைப்பை அடைக்கிறார்கள். பௌர்ணமி ஓதத்தில் கடல் பொங்குவதற்குள் அடைக்காவிட்டால் தெருக்கள் மறுபடி முழுகும்.

கப்பலில் பம்பு இன்ஜினியர் குழாய்க்காரரின் மகள். அன்று காலையிலிருந்து அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது.

"பம்பு முக்குது மேடம்" என்றார் ஆபரேட்டர். "அங்க உங்கப்பா குழாய்க்குப் பூட்டு கீட்டு போட்டுட்டாரா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் பம்பை நிறுத்தினாள். சுத்தியலால் குழாயைத் தட்டிக்கொண்டே அதை ஒட்டி மிதக்கும் பலகைப் பாதையில் கரைவரை நடந்தாள். அடைத்த குழாய் மந்தமாகச் சத்தம் போடும். வாய் நெருங்க நெருங்கச் சத்தம் மந்தமானது.

குழாய் வாயில் கம்பி வலை ஒன்று போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. வலை முழுக்கக் கயிற்றுத் துணுக்கு, சிப்பி, அறுந்த செருப்பு வார். அப்பா ஒவ்வொன்றாகப் பிய்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுப்பா இதை மாட்டினீங்க?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"கப்பல் உறிஞ்சுற வாயிலேயே கம்பி இருக்கு. பெருசா எதுவும் இந்தப் பக்கம் வராது."

"தெரியும். அதை வெல்டு வச்சவனே நான்தான்."

"அப்புறம் என்னத்தைத் தேடுறீங்க?"

அவர் கால் மாற்றி நின்றார். "ஒரு வளையல் துண்டு. ஒரு பித்தான். கையில ஒண்ணுமே இல்லாம எப்படிம்மா அழுறது?"

அவளும் கேட்க வேண்டிய கேள்விதான் அது. எதிரே உடைப்பில் மணல் மூட்டை அடுக்கியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தார்கள். அவர்கள் காலடியில் ஓதத் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. மூட்டைமேல் நின்ற ஒருத்தி, "அண்ணே, இந்தத் தடவ எங்க வீட்டுச் சுவரு தாங்காதுண்ணே" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

அவர் குனிந்து ஸ்பேனரை எடுத்தார். முதல் போல்ட் அசையவில்லை. பின்பக்க நட்டை மகள் பிடித்துக்கொண்டாள். இருவரும் முகம் பார்க்காமல் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வலை சேற்றில் விழுந்தது.

"பம்பைப் போடச் சொல்லு."

அவள் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். பொத்தானை அழுத்தினாள், விட்டாள். அப்பா அதை வாங்கினார்.

"போடுப்பா" என்றார்.

குழாய் உதறிக்கொண்டது. முதலில் காற்று, பிறகு கறுப்புத் தண்ணீர், பிறகு மணல். வந்த மணல்மேல் வந்த மணல் விழுந்தது. இருவரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். அதற்குள் புல்டோசர் வந்து, மேட்டை உடைப்புக்குள் தள்ளிக்கொண்டு போயிற்று.