மூன்று பந்தும் மேலே வரணும்

எங்கள் பக்கம் 'ஊது' என்ற சொல்லுக்கு ஏகப்பட்ட வேலை. கோயில் வாசலில் நாயனம் ஊதுவார்கள். ரோட்டில் வண்டியை மடக்கும் போலீஸ்காரர் ஒரு மெஷினை வாய்க்கு நேரே நீட்டி "ஊதுய்யா" என்பார். கட்டுக்கட்டாகப் பீடி குடிக்கிறவனை "ஊதித் தள்றான்பா" என்போம். கல்யாணமான ஆறே மாதத்தில் சட்டை பட்டன் போட முடியாமல் நிற்கிற மாப்பிள்ளையிடம், "இன்னா மச்சான், நல்லா ஊதிட்ட?" என்று விசாரிப்போம்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே பத்தொன்பது வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன் நான். ஏறுகிற ஜனம் இறங்கும்போது பையை எடுத்துக்கொள்ளும், குடையை எடுத்துக்கொள்ளும், பேச்சை மட்டும் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகும். அதைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் நான் நாலு வரி எழுதவே கற்றுக்கொண்டேன். அப்படிப் பேச்சுக்கு அலைகிற எனக்கு, இந்த ஒரு சொல் நாலு நாளைத் தின்றுவிட்டது. கையில் இருந்ததே பன்னிரண்டு நாள்தான். இன்றைக்குப் பாதி இரைப்பையோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இரைப்பையில் புற்றுநோய் எனக்கு. நாலு தவணை கீமோ முடிந்திருந்தது. தலை மொட்டை, நகமெல்லாம் கறுப்பு, நாக்கில் எந்நேரமும் இரும்புத் துண்டை வைத்த மாதிரி ஒரு ருசி. ஸ்கேனைப் பார்த்த ஆப்பரேஷன் டாக்டர், "கட்டி நல்லா சுருங்கியிருக்கு. இப்ப எடுத்துடலாம்" என்றார். என் வீட்டம்மா அங்கேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த அறையில் மயக்க மருந்து டாக்டர். சின்ன உருவம், குரல் மட்டும் கண்டக்டர் மாதிரி கணீரென்று இருக்கும். ஒரு மாடி ஏறி வரச் சொன்னார். பாதிப் படியிலேயே நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"முப்பது வருஷம் பீடி பிடிச்சிருக்கீங்க. அதுக்கு மேல கீமோ. இந்த நெஞ்சை நம்பி உங்களை அஞ்சாறு மணி நேரம் மயக்கத்துல வெக்க முடியாது. ஆப்பரேஷன் நல்லா நடந்தாலும் பின்னாடி சளி கட்டிக்கும்."

"அப்ப தள்ளிப் போட்டுக்கலாமா மேடம்?"

"கீமோ முடிஞ்சு கொஞ்ச வாரம்தான் நமக்கு நேரம். ரொம்ப விட்டா சுருங்கினது திரும்பத் தலையெடுக்கலாம். பன்னண்டு நாள் தர்றேன். மூச்சுப் பயிற்சி பண்ணுங்க, படி ஏறுங்க, வந்து காட்டுங்க. தேறினா கையெழுத்துப் போடறேன்."

பயிற்சி சொல்லித் தருகிறவர் சாப்பிடப் போயிருந்தார். கவுண்டரில் இருந்த தம்பி ஒரு பிளாஸ்டிக் கருவியை எடுத்து நீட்டினார். ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று கண்ணாடி மாதிரிக் குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, முன்னால் ஒரு டியூப். "மூணு பந்தும் மேல வரணும் சார். தினமும் ஊதுங்க."

ஊதினேன்.

அண்ணனூர் வீட்டில் காலையில் ஊதினேன், கஞ்சி குடித்துவிட்டு ஊதினேன், சாயங்காலம் ஊதினேன். கன்னம் வலித்தது, காது அடைத்தது, கண்ணில் பூச்சி பறந்தது. பந்து ஒரு நூல் அசையவில்லை. வீட்டம்மா கருவியைக் குலுக்கிப் பார்த்து, "ஒட்டிகினு கீதா இன்னா?" என்றாள். ஒட்டவில்லை. குலுக்கினால் கடகடவென்று ஓடியது. நான் ஊதினால்தான் கல்லாக உட்கார்ந்திருந்தது.

நாலாம் நாள் நான் முடிவு கட்டிவிட்டேன். பந்தில் ஒரு கோளாறும் இல்லை, செத்துப்போனது என் நெஞ்சுதான். "ஆப்பரேஷன் வாணாம்மே. இருக்கற வரைக்கும் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கினவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் என் பக்கத்து வண்டிக்காரன். விடியலிலிருந்து வாயில் பீடி இருப்பதால் ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவன் பீடிக்காரன்தான். இன்னொருத்தன் பாரிவாக்கத்தான். பாரிவாக்கத்தில் அவன் அப்பா நெல் விளைத்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. சவாரி அந்தப் பக்கம் போனால், "லிஃப்ட் கீது பாரு, அங்கதான் எங்க மோட்டார் ரூமு" என்று பாசஞ்சருக்குக் காட்டாமல் விடமாட்டான்.

"ஊட்ல குந்திகினு செவுத்தப் பாத்தா பந்து தானா மேல வருமா? எய்ந்திரு மாமே" என்று பீடிக்காரன் என் கையைப் பிடித்துத் தூக்கினான்.

ஆவடி ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அங்கே பூக்கடை போட்டிருக்கிற அக்காதான் எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரி. "ஊது, பாக்கறேன்" என்றார். மானம் போக ஊதினேன். பந்து கும்பிட்டுக் கிடந்தது.

பீடிக்காரனுக்குப் பொறுக்கவில்லை. "குட்றா, நான் பாக்கறேன்" என்று பிடுங்கினான்.

"யோவ், வாய் வெக்காத!" என்று அக்கா பாய்ந்தார். "அவருக்கு ஒடம்புல எதிர்ப்பு கம்மியா கீதுன்னு டாக்டரு சொல்லிக்கிறாங்க. உன் பீடி வாய வெச்சுத் தொலைக்காத."

"வாயே வெக்கல தாயே!"

எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பீடியை நாலு பேர் குடிக்கிற நேரத்தில், எச்சில் படாமல் இருக்க, பீடியை விரல் இடுக்கில் சொருகி, முஷ்டியை மூடி, கட்டைவிரல் பக்கத்துச் சந்தில் வாய் வைப்போம். பீடிக்காரன் அதே மாதிரி டியூபை முஷ்டிக்குள் செருகினான். முஷ்டியில் வாயை வைத்தான். கைக்கு வந்த பழக்கம் வாய்க்கும் வந்துவிட்டது. டக்கென்று ஒரு பந்து மேலே போய் முட்டியது!

"இன்னாய்யா பண்ண?" என்றார் அக்கா.

"ஒண்ணியும் பண்ல" என்றான் அவன், தானே மிரண்டுபோய். "பயக்க தோசம். ஊதறதுக்குப் பதிலா இயுத்துட்டேன்."

ஊதக்கூடாது, இழுக்கணும்! மூச்சை உள்ளே இழுத்தால்தான் பந்து ஏறும். நான் நாலு நாளாகப் பந்தைக் கீழே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நாலு நாளா ஊதிகினு கீறியா? முன்னாடியே சொல்லியிருந்தா என் மச்சினி கல்யாணத்துக்கு பலூன் ஊதக் கூப்ட்டிருப்பேனே" என்று பாரிவாக்கத்தான் தரையில் உட்கார்ந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. மாசக்கணக்கில் வராத சிரிப்பு இருமலோடு சேர்ந்து வந்தது. இருமி முடித்து, டியூபை வாயில் வைத்து இழுத்தேன். முதல் பந்து எழுந்தது. மேலே போய் நின்றது, விழுந்தது. திரும்ப இழுத்தேன், திரும்ப எழுந்தது. என் நெஞ்சு சாகவில்லை என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அந்தப் பந்துதான்.

மிச்சம் எட்டு நாள்.

படிக்குப் பாரிவாக்கத்தான் பொறுப்பு. தினமும் காலையில் அண்ணனூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் என்னை ஏற்றி இறக்குவான். முதல் நாள் மூன்று இடத்தில் நின்றேன். கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஓடி வந்த ஒரு பெண் என் முதுகுக்குப் பின்னால், "அண்ணே, வண்டி வந்துட்டுது, சீக்கிரம் ஏறுங்க!" என்று கத்தினாள்.

"நீ போம்மா, என் வண்டி அடுத்த வாரம்" என்றேன். அவள் ஓடுகிற ஓட்டத்திலும் திரும்பி ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். ஏற ஆரம்பித்த நாலாம் நாள் ஓர் இடத்தில் மட்டும் நின்றேன். ஆறாம் நாள் நிற்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் பாரிவாக்கத்தான் கீழே எட்டிப் பார்த்து, "இன்னொரு ட்ரிப் அடிக்கலாமா?" என்றான். படுபாவி, அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

பந்துக்கு ஸ்டாண்டு மொத்தமும் பொறுப்பு. பூந்தமல்லி போய்த் திரும்புகிற ஒவ்வொரு வண்டியும் இஞ்சினை அணைக்கும் முன்னால் "எத்தினி?" என்று கேட்கும். "ரெண்டு" என்றால் ஹாரன் அடிப்பார்கள். ஏறி உட்கார்ந்திருந்த பாசஞ்சர் அம்மா ஒருத்தர், "இருப்பா, அவர் இழுத்து முடிக்கட்டும்" என்று வண்டியை நிறுத்தி வைத்த நாளும் உண்டு. பீடிக்காரன் மெடிக்கலில் தனக்கே ஒரு கருவி வாங்கிவந்து போட்டிக்கு உட்கார்ந்தான். ஒன்றரைப் பந்துக்கு மேல் அவனால் ஏற்ற முடியவில்லை. "டேய், பேஷண்ட்டு நீயா, நானா?" என்று கேட்டுவிட்டுக் கருவியை உற்றுப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் பீடியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று குடித்தான். என் பக்கம் புகை வரக்கூடாதாம். விட்டுவிட்டானா என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது பந்துதான் முரண்டு பிடித்தது. அடியில் நடுங்கும், ஒரு விரற்கடை எழும்பும், தொப்பென்று விழும். பத்தாம் நாள் வரைக்கும் அதே கதை. எவ்வளவு முக்கினாலும் இடம் போதாத மாதிரி இருந்தது. பூ தொடுத்துக்கொண்டே பார்த்திருந்த அக்கா சொன்னார்:

"உள்ள கீறத மொதல்ல காலி பண்ணுய்யா. நேத்துப் பூவ கொட்டாம புதுப் பூவ எந்தக் கூடையில போடுவ?"

எனக்கு அது மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. நான் பாதி மூச்சை உள்ளே வைத்துக்கொண்டே இழுத்துக்கொண்டிருந்தேன். பயத்தில் வயிற்றை எக்கிக்கொண்டு, மூச்சைக் கஞ்சன் மாதிரி சேர்த்துவைத்துக்கொண்டு. இருந்ததையெல்லாம் மெல்ல வெளியே விட்டேன், இனி இல்லை என்கிற வரைக்கும். பிறகு இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்றும் மேலே! அக்கா பூவை விட்டுவிட்டு விரலை மடக்கி எண்ணினார். மூன்று எண்ணும் வரை நின்றன.

"புட்சுக்கோ, புட்சுக்கோ" என்று பீடிக்காரன் எதிர்ச் சாரியிலிருந்து கத்தினான், பீடியும் கையுமாக.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் வந்தார்கள். அக்கா கடையைக்கூடப் போடவில்லை. உள்ளே நானும் வீட்டம்மாவும்தான் போனோம். டாக்டர், ஹாலுக்கு இறங்கி அங்கிருந்து தன் அறை வரைக்கும் இரண்டு மாடி ஏறி வரச் சொன்னார். நிற்காமல் ஏறினேன். கருவியை நீட்டினார். காலி செய்தேன், இழுத்தேன். மூன்றும் ஏறி நின்றன. கண் ஓரத்தில் டாக்டரின் வாட்ச் தெரிந்தது, அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"யாருங்க உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"பூ விக்கிற அக்கா ஒருத்தங்க மேடம். அப்புறம் பீடி குடிக்கிற ஒருத்தன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். பேப்பரில் 'ஃபிட்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டதை, வீட்டம்மா எட்டி நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். வியாழக்கிழமை ஆப்பரேஷன்.

சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டு மாடியும் குதித்துக் குதித்து இறங்கிவிட்டேன். ஹாலில் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். பத்தொன்பது வருஷம் ஓயாமல் பேசியவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மூச்சு வாங்கியது. மூன்று விரலை மட்டும் நீட்டினேன்.

பீடிக்காரன் முகம் சுருங்கிவிட்டது. "மூணு வாரம் தள்ளிட்டாங்களா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று. "மூணு... மூணு பந்தும்டா! வியாயக்கெயம ஆப்பரேசன்!"

அவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். பாரிவாக்கத்தான் விசிலடித்தான். செக்யூரிட்டி ஓடிவந்து, "இது ஆஸ்பத்திரி, சத்தம் போடாதீங்க" என்று அதட்டினார்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"இந்த மூச்ச வரவெக்க எட்டு நாளா தொண்ட கியிய கத்திகினு கீறோம். இன்னும் ரெண்டு நிமிசம் கத்திட்டுப் போறோம், ஒதுங்கு நைனா."