கோமளாவின் தொண்டை கட்டிய வாரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் இட்லி வடகறி விற்கும் கோமளாவுக்குச் சொத்து என்று இருந்தது அவள் குரல்தான். "சூடா வடகறீ..." என்று ஒரு இழுப்பு இழுத்தால், கம்பெனி கேட்டுக்குள் பாதி நுழைந்த ஆள்கூடத் திரும்பி வருவான். சின்ன வயதில் அந்த வாய்க்காக அவள் அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சமல்ல. "பொட்டப்புள்ளைக்கு இன்னா வாயி" என்று வாயிலேயே போடுவாளாம். தனக்கொரு பிள்ளை பிறந்தால் அதை ஒருநாளும் முகம் வாட விடுவதில்லை என்று கோமளா அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஏறாத கோயிலெல்லாம் ஏறி இறங்கிப் பிறந்தவள் ரோஷினி. கேட்க வேண்டுமா? பசிப்பதற்குள் சோறு, தாகம் எடுப்பதற்குள் தண்ணீர். யாராவது "பாப்பா பேரு இன்னா?" என்று குனிந்தால், பிள்ளை வாயைத் திறப்பதற்குள், "ரோஷினி! ஒண்ணாங்கிளாஸு! பூரின்னா உசிரு!" என்று அம்மாவே மொத்தத்தையும் ஒப்பித்துவிடுவாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் எத்திராஜ் ஒருதடவை, "அதையும் கொஞ்சம் பேச வுடேன்மே" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். கனிமொழி மிஸ் நல்ல மாதிரிதான். ஆனால் அவர் சொன்ன விஷயத்தைக் கோமளா எதிர்பார்க்கவில்லை.

"நல்லா எழுதறா, படம் வரையறா. ஆனா சேர்ந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. பேரன்ட்ஸ் மீட்டிங் வரைக்கும் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

வீட்டில் அம்மாவிடம் மட்டும் காதோடு காதாகப் பேசும் பிள்ளை அது. பேச்சு வராமல் இல்லை. அப்படியானால் என்னதான் குறை? கோமளாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

சும்மா இருப்பாளா? கோயில் மணியைக் கவிழ்த்து, அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைத்தாள். பக்கத்து வீட்டு அஷ்ரஃபுன்னிசா பிள்ளையைப் பூந்தமல்லிக்குக் கூட்டிப் போய், தர்காவில் ஓதி ஊத வைத்துக் கூட்டி வந்தாள். நாக்கில் வசம்பை உரைத்துத் தடவியதில் பிள்ளை வாந்திதான் எடுத்தது. கடைசியில், பிள்ளை வாய் திறக்க வேண்டும் என்று ஆடி வெள்ளியன்று அம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். மைக் செட்டு வேலை செய்யவில்லை. அதனால் என்ன, கோமளா இல்லையா? காலையிலிருந்து தெருவெல்லாம் கேட்கக் கூழுக்குக் கூவினாள். சாயங்காலம் பார்த்தால் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. மகளுக்குக் குரல் கேட்கப் போனவள் தன் குரலைத் தொலைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"ஒரு வாரம் வாயே திறக்கக்கூடாது. கிசுகிசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல்" என்றார் டாக்டர். எத்திராஜ் முகத்தில் வந்த சிரிப்பை அவன் மறைத்துக்கொண்டது புத்திசாலித்தனம்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கு லீவு, கம்பெனிகளுக்கு இல்லை. ரோஷினியும் வண்டியோடு வந்திருந்தாள். லேத் பட்டறை ஹாஜா மொய்தீன், தினம் வருகிறவர், "நாலு இட்லி பார்சல்க்கா, வடகறி தனியா" என்றார். வடகறி இன்னும் கொதிக்கவில்லை. கோமளா அடுப்பைக் காட்டி ஐந்து விரலையும் விரித்தாள்.

"அஞ்சா? நாலு போதும்க்கா."

கோமளா இல்லையென்று தலையை ஆட்டி, மறுபடியும் விரலை விரித்தாள்.

"இன்னாக்கா, எதுனா கோவமா? சரி, வேற கடை பாத்துக்கறேன்" என்று அவர் திரும்பியேவிட்டார்.

"அஞ்சு நிமிஷம்."

யார் பேசியது என்று அவருக்குப் புரியவில்லை. "இன்னாமா சொன்ன?" என்று ரோஷினியிடம் குனிந்தார். பிள்ளை வழக்கம்போல அம்மாவை அண்ணாந்து பார்த்தது. அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. வருவதற்கில்லை.

"வடகறி கொதிக்கணும். அஞ்சு நிமிஷம் நில்லுண்ணா!"

கோமளாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. கூட்டம் சேரச் சேரப் பிள்ளைக்குத் துணிச்சலும் சேர்ந்தது. "வரிசைல வாங்க! எங்கம்மாக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, என்னாண்ட கேளுங்க!" அதே இழுப்பு, அதே அதட்டல். மூச்சு முட்டப் பேசுகிறாள்!

மத்தியானம் பாத்திரம் கழுவும்போது கோமளாவுக்குச் சுருக்கென்றது. பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. நடுவே புகுந்து பேசிக்கொண்டே இருந்தது தான்தான். தன் வாயை அம்மா அடித்து அடைக்கப் பார்த்தாள்; மகள் வாயைத் தான் ஆசையாலேயே அடைத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷமோ அதைவிடப் பெரிதாக இருந்தது; தண்ணீரும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

தொண்டை சரியாகிவிட்டது. ஆனால் பள்ளிக்கூடத்தில் மட்டும் ரோஷினி அப்போதும் வாய் திறக்கவில்லை. பேரன்ட்ஸ் மீட்டிங் வந்தது.

"ரோஷினி, உங்க வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று மிஸ் கேட்டார்.

பதில் கோமளாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். எத்திராஜ் நெளிந்தான். மிஸ் பாவப்பட்டுத் தாயைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இவ்வளவு பெரிய வேலையை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

ரோஷினி அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு, மிஸ் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், எங்கம்மாக்குத் தொண்டை நல்லாயிடுச்சு. நான் பேசறதுக்கோசரம் கம்முனு கீது."

கோமளா உடைந்து அழுதாள். அதையும் சத்தமில்லாமல்தான் அழுதாள். பிள்ளை இன்னும் பேசி முடிக்கவில்லை.