தமிழ்நாட்டுக்கு மேற்கே கடல் வரைந்தவர்

காளவாசலில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் தெரிந்தது. வேலாயுதன் மாமாவின் போர்டு எழுதும் கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "பெயிண்டர் அண்ணே போயிட்டாருத்தா. முந்தாநாளு நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு, அம்புட்டுத்தான்" என்றார். என் பஸ் வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை.

நம் பள்ளிச் சுவரில் இந்தியாவை வரைந்தவர் அவர்தான். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறோம். ஆனால் அதை வரைந்தபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது.

சென்ற வருடம், 1970இல், அதிகாரி ஆய்வுக்கு வருவதற்காகத் தலைமையாசிரியை அந்தப் படத்தை வரையச் சொன்னார். அட்லஸை வைத்துச் சரிபார்க்கும் வேலை எனக்கு. மாமா அட்லஸைத் திறக்கவே இல்லை. சாயம் தொட்ட நூலைச் சுவரில் சுண்டிக் கட்டங்கள் போட்டார். பிறகு ஏணியில் ஏறி, பழகிய தெருவில் நடப்பவர் போலக் கோடு இழுத்தார். "கை அறியும் மோளே" என்பார் மலையாளத்தில்; கைக்கே தெரியுமாம். நிலம் வரையும்போது ஓயாமல் பேசுவார். பெயர் எழுதும்போது மட்டும் பேசமாட்டார்.

ஒன்பதாம் நாள் மாலை நான் அட்லஸையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தேன். தமிழ்நாடு மேற்குக் கடல்வரை போயிருந்தது. கேரளம் தெற்கே சிறிதாக ஒடுங்கிக் கிடந்தது.

"அடியே, நமக்கு ரெண்டு பக்கமும் கடல்டி!" என்று என் தோழிகள் கைதட்டினார்கள். எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் ஆய்வு.

"மாமா, பாலக்காடு நம்ம பக்கம் வந்திருச்சு."

ஏணியிலிருந்து இறங்கி, தள்ளி நின்று பார்த்தார். "நான் பொறந்த ஊராச்சே அது" என்றார். "நான் படிச்சப்ப எங்க மலபார் ஜில்லா மதராஸ் மாகாணத்துல இருந்துச்சு. ஸ்லேட்டுல எத்தனை தடவை வரைஞ்ச கோடு! கை அதையே போட்டிருச்சே."

தலைமையாசிரியை வந்துவிட்டார். "பொறந்த ஊரையே தப்பா போடுற ஆளு மத்ததை எப்படிப் போட்டிருப்பாரு? சுண்ணாம்பு அடிச்சு முழுசா அழிச்சிருங்க."

மாமா தூரிகைகளைக் கழுவத் தொடங்கினார். ஒன்பது நாள் உழைப்பு. நான் நூலகத்துக்கு ஓடினேன். அட்டை போன பழைய அட்லஸ் ஒன்று அங்கே கிடந்தது. அதில் மதராஸ் மாகாணத்தைத் தேடி எடுத்து நீட்டினேன். சுவரில் இருந்த அதே கோடு, அதே வளைவு.

தலைமையாசிரியை வெகுநேரம் பார்த்தார். "பிரேயருக்கு முன்னாடி இப்ப உள்ளபடி மாத்திருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் மாமா பழைய கோட்டைப் பிளேடால் சுரண்டினார். நான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். திருவிதாங்கூர், கொச்சி, மலபார் என்று தனித்தனியாக இருந்தவை மொழியால் ஒன்றாகி மாநிலமான கதையைச் சொன்னார். "கேரம்னா தென்னை, அதனாலதான் கேரளமா?" என்று கேட்டேன்.

"அப்படியும் சொல்வாங்க. சேரன் பேருலேர்ந்து வந்ததுன்னும் சொல்வாங்க. எனக்கென்ன தெரியும்? மாநிலத்துக்கு உங்க அக்கா வயசுகூட இருக்காது. பேரு அசோகன் கல்வெட்டுலயே இருக்கு. இத்தனை காலம் பேரு காத்துக்கிட்டு இருந்திருக்கு, பாரு!"

பிறகு அவர் பேசவில்லை. கேரளம் என்று எழுதினார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு தயக்கம். வரைபடத்தில் எதையாவது தவறு என்று சொல்லுமுன் இப்போதெல்லாம் என் விரல் நின்றுவிடுகிறது. நான் தவறு என்று காட்டிய கோட்டுக்குள்தான் ஒரு மனிதர் பிறந்து, பேசக் கற்று, தம் ஊருக்குப் போகும் வழியைத் தெரிந்துகொண்டிருந்தார்.