உம்மாவோடு ஒரு சஹன்

புனேயில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மும்பை போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஆறு வருஷமாக நான் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. கேட்பவர்களிடம் ஆபீஸ், லீவு இல்லை, மழை என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் போவதற்கு எனக்கு அங்கே வீடு இல்லை. தாராவியில் நான் பிறந்து வளர்ந்த வீடு அப்படியேதான் இருக்கிறது. உம்மாவும் எனக்கு மூத்த இரண்டு காக்காமாரும் அதில்தான் இருக்கிறார்கள். எனக்கு மட்டும் அது இல்லை.

பக்கத்து லேபர் கேம்ப் பகுதியில் வளர்ந்த ஒரு கிறிஸ்தவப் பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டதுதான் நான் செய்த காரியம். வாப்பா கதவை அடைத்தார். காக்காமார் என் நம்பரை பிளாக் செய்தார்கள். உம்மா என்ன நினைத்தாள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எனக்கு வசதியானதை நானே நினைத்துக்கொண்டேன். உம்மா உள்ளுக்குள் அழுகிறாள், வாப்பாவுக்குப் பயந்துதான் போன் எடுக்கவில்லை என்று ஆறு வருஷமும் நம்பினேன். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் புனேயில் அந்த முதல் வருஷத்தை ஓட்டியிருக்க மாட்டேன்.

போன வருஷம் வாப்பா இறந்தார். அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்னுடன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் போன் செய்து சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்ற ஆத்திரம்தான் முன்னால் வந்து நின்றது. அதற்குப் பின்னால், சொல்லவே கூசுகிறது, தடுத்தவர் போய்விட்டார், இனி உம்மா பேசுவாள் என்ற எண்ணமும் வந்தது. போன் வராதபோது, இப்போது காக்காமாருக்குப் பயப்படுகிறாள் என்று காரணத்தை மாற்றிக்கொண்டேன்.

அந்தத் தோழிக்குத்தான் இப்போது நிக்காஹ். மாப்பிள்ளை வீடு முலுண்ட். பத்திரிகை அனுப்பிய கையோடு போனில் அவள் ஒரு திட்டமும் சொன்னாள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சாப்பாடு சஹனில்தான். அகலமான ஒரு தட்டில் சோற்றைக் குவித்து வைப்பார்கள், மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே சாப்பிட வேண்டும். கூட உட்கார்ந்தவர்கள் முடிக்கும் முன் எழுந்து போவது பெரிய அவமரியாதை. உம்மா இந்த மாதிரி விஷயங்களில் ரொம்பக் கறார்.

"ஒங்க உம்மாவ எங்க சாச்சியோட ஒரு சஹன்ல உக்கார வச்சிருதேன். பிஸ்மி சொல்லிக் கைய வச்ச பொறவு நீ போயி உக்காரு. எந்திரிச்சுப் போவ முடியாதுல்லா? அரமணி நேரம் ஒன் பக்கத்துலதான இருந்தாவணும். நீ டென்ஷன் எடுக்காத, பக்கா ப்ளான்" என்றாள்.

கணவனிடம் சொன்னபோது அவனுக்குப் பிடிக்கவில்லை. எலியைப் பொறியில் பிடிக்கிற மாதிரி இருக்கிறதே என்றான். உன் அம்மா தினமும் வீடியோ கால் போட்டு நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறவள், உனக்கு என்ன தெரியும் என்று கடிந்துகொண்டேன். அன்றைக்கே அவன் டிக்கெட் எடுத்துவிட்டான்.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். அவன் வீட்டார் இப்போது திலக் நகரில் இருக்கிறார்கள். அங்கே தங்கினால் ஞாயிறு காலையில் மருமகளும் சர்ச்சுக்கு வரட்டுமே என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் சொல்லாமல் விடமாட்டார்கள். அதனால் செம்பூரில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டோம். சாயங்காலம் மாட்டுங்காவில் காபி குடிக்கலாம் என்று கூட்டிப்போனான். நெய் ரோஸ்ட் சொன்னான், பில்டர் காபி சொன்னான், பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னான். இரண்டு நாள் ஊர் சுற்ற வந்த ஜோடியாக என்னை மாற்றிவிட முடியுமா என்று பார்த்தான் போல. நான் நாளைக்குப் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஸலாம் சொல்ல வேண்டும். அப்புறம் வாப்பாவைப் பற்றி. மன்னிப்புக் கேட்கலாமா என்பதில் மட்டும் முடிவுக்கு வரமுடியவில்லை. நான் தப்பு செய்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேட்டால்தான் பேசுவாள் என்றால் கேட்டுத் தொலைத்துவிடலாம் என்றும் இருந்தது.

மறுநாள் மதியம் தாராவியில் ஒரு ஹாலில் விருந்து. கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். கணவன் கீழேயே நின்றுகொண்டான். ஒன்றும் சரிவரவில்லை என்றால் உடனே இறங்கி வந்துவிடு, நான் வாசலிலேயே இருப்பேன் என்றான்.

மாடியில் கல்யாணப் பெண்ணாக மேடையில் உட்கார்ந்திருந்த தோழி என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே ஒரு மூலையைக் காட்டினாள். பாய்களின் மேல் வெள்ளைத் துணி விரித்து வரிசையாகச் சஹன்கள் வந்துகொண்டிருந்தன. சுவர் ஓரமாக உம்மா உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு சின்ன உருவமாகிப் போயிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. தோளெலும்பு துப்பட்டியையும் மீறித் துருத்தித் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்த எல்லாம் போய்விட்டது.

ஆனால் அவள் எதிரில் இருந்தது தோழியின் சித்தியான அந்தச் சாச்சி இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, முலுண்ட்காரி, அந்த இடத்தில் சௌகரியமாகச் சம்மணம் போட்டுவிட்டாள். சாச்சியை யாரோ பரிமாறும் இடத்துக்கு இழுத்துப் போயிருந்தார்கள். கல்யாணப் பெண் மேடையை விட்டு இறங்கி வந்து ஆளை மாற்றி உட்கார வைக்கவா முடியும்? அவள் என்னைப் பார்த்து, நான் அவளைப் பார்த்து, அதற்குள் உம்மா பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்துவிட்டாள். நான் போய் உட்கார்ந்தேன்.

ஸலாம் சொன்னேன். முலுண்ட்காரிதான் வாய் நிறையப் பதில் சொன்னாள். உம்மா நிமிர்ந்து என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், அந்தக் கோபத்தில் வளர்ந்தவள்தானே நான். அப்படி ஒன்றும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்காரும் ஆளைப் பார்க்கிற பார்வை. பிறகு குனிந்து, மூத்தவள் செய்ய வேண்டிய வேலையைச் செய்தாள். கறியைச் சோற்றில் ஊற்றி, துண்டுகளைப் பிய்த்து, மூன்று பக்கமும் சமமாகத் தள்ளினாள். என் பக்கத்துக்கும் குறையில்லாமல் வந்தது.

முலுண்ட்காரி நல்ல பெண். பேசாமல் சாப்பிட அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சாப்பாடு ஊரில் போடுகிற களறி விருந்து மாதிரியே இருக்கிறது என்றாள், ஹாலில் ஏசி போதவில்லை என்றாள். பிறகு உம்மாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

"ரெண்டு. ரெண்டும் ஆம்பளப் பிள்ளைய" என்றாள் உம்மா.

 அன்னிய ஆள் முன்னால் மானத்தைக் காக்கச் சொல்கிறாள், வேறென்ன சொல்வாள் பாவம் என்று அந்த நிமிஷத்திலும் அவளுக்காக நானே வக்காலத்து வாங்கினேன். ஆறு வருஷப் பழக்கம், அவ்வளவு சுலபத்தில் விடுமா?

முலுண்ட்காரி என் பக்கம் திரும்பினாள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். கல்யாணப் பெண்ணோடு படித்தவள் என்றேன். தனியாகவா வந்தாய், உம்மா வரவில்லையா என்று அடுத்த கேள்வி. நான் உம்மாவைப் பார்த்தேன். இதோ உட்கார்ந்திருக்கிறார்களே என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொன்னால் அந்த மாடி முழுக்கத் தெரிந்துவிடும், உம்மாவால் எழுந்திருக்கவும் முடியாது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் உம்மா பேசினாள். தலை நிமிராமல், எலும்பிலிருந்து கறியை எடுத்துக்கொண்டே பேசினாள்.

"அதுக்கு உம்மா இல்ல. மவுத்தாப் போய்ட்டாங்க."

"அரே, எப்போ?"

"ஆறு வருசமாச்சு."

மரணச் செய்தி கேட்டால் சொல்கிற இன்னா லில்லாஹியை முலுண்ட்காரி முணுமுணுத்தாள். உம்மாவின் உதடுகளும் கூடவே அதைச் சொல்லின. முலுண்ட்காரி இடது கையால் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். லாத்தா, அந்த ஈரல் துண்டை இந்தப் பிள்ளைக்கு வையுங்கள் என்று உம்மாவிடம் சொன்னாள். உம்மா எடுத்து என் பக்கம் வைத்தாள். தாயில்லாப் பிள்ளைக்குச் செய்கிற தர்மம் என்ற மாதிரிதான் இருந்தது. நான் அதைத் தின்றேன். எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது, ஆனால் மற்ற இரண்டு பேரும் முடிக்கவில்லை. எனக்கும் அதே வளர்ப்புதான். உம்மாவைப் பிடித்து வைக்கப் போட்ட திட்டத்தில் நான்தான் அகப்பட்டுக்கொண்டேன். அந்தத் தட்டு காலியாகும்வரை அவள் தள்ளிய ஒவ்வொரு துண்டையும் மென்று விழுங்கினேன்.

சாச்சி உட்கார்ந்திருந்தால் உம்மா பேசியிருப்பாள் என்று தோழி இன்றும் போனில் சொல்கிறாள். அவளுக்குக் குற்ற உணர்ச்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டதும் கணக்குப் போடாமல் ஆறு வருஷம் என்று சொன்னவள், அதை அந்த நிமிஷத்தில் யோசித்துச் சொல்லவில்லை. வாப்பா அடைத்தது கதவைத்தான். அவர் ஒருநாள் திறந்திருந்தாலும் திறந்திருப்பாரோ என்னவோ. உம்மா எனக்கு, இறந்தவர்களுக்கு ஓதுகிற மூன்றாம் ஃபாத்திஹா, நாற்பதாம் ஃபாத்திஹா எல்லாம் மனதுக்குள் ஓதி முடித்து, தன்னையும் என் கணக்கில் அடக்கம் செய்துவிட்டுத்தான் அங்கே சாப்பிட வந்திருந்தாள்.

கை கழுவும் இடத்தில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். கழுவி முடித்து, எனக்கு வழிவிட்டு நகர்ந்து போனாள்.

கீழே வாசலில், சொன்னபடியே கணவன் நின்றிருந்தான். சாப்பிட்டானா என்றுகூட நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பேசுனாங்களா?"

"பேசுனாங்க."

"என்ன சொன்னாங்க?"

"உம்மா மவுத்தாயிட்டாங்களாம்" என்றேன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாடியை அண்ணாந்து பார்த்தான், என்னைப் பார்த்தான். தாதரில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னேன். வாப்பாவுக்காக வராத அழுகை அப்போதுதான் வந்தது. உயிரோடு இருக்கிற உம்மாவுக்காக லோனாவாலா தாண்டும்வரை அழுதேன்.