கடனே வாங்காதவருக்குக் கடன்

வீட்டுக்கடன் பிரிவில் மனிதர் வந்து உட்காரும் முன்பே அவருடைய காகிதங்கள் வந்து உட்கார்ந்துவிடும். ‘இன்னும் ஒரு பேப்பர் கொண்டு வாங்க’ என்பதைக் கேட்டு வயிறெரிந்து திரும்பியவராகத்தான் நீங்களும் இருப்பீர்கள். பதுளையில் ஒரு வங்கியில் அதைச் சொல்கிற ஆள் நான். சொல்லும்போது எனக்கும் வயிறெரியும், நம்புங்கள்.

சுத்தமான ஆள்

அந்தோணிசாமி ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து, ஒரு கால் மடங்காமல் ஓய்வு பெற்றவர். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில், அங்கே கொழுந்து பறித்த மனைவி மேரிக்குக் கிடைத்த லயக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், குடியிருந்தார். பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. மண்சரிவில் லயங்களோடு ஆட்கள் புதைந்த மீரியபெத்தையைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அடைமழைக்கு முன் வேறு இடத்தில் ஒரு காணித் துண்டு வாங்கி, சின்னதாக வீடு கட்டிப் போய்விட வேண்டும். அதற்குத்தான் கடன்.

அவருடைய அடையாள அட்டை எண்ணைக் கணினியில் தட்டினேன். ஒன்றுமே இல்லை. தவணைக்கு ஒரு ரேடியோகூட எடுத்ததில்லையாம். கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு இல்லாதவரை நம்பக்கூடாது என்பது எங்கள் விதி. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“அப்ப யாருகிட்டயும் கை நீட்டாம இருந்தது தப்பாப் போச்சுங்களா சார்?”

பிணை

இரண்டு பிணையாளிகள் இருந்தால் பார்க்கலாம் என்றார் மேனேஜர். அடுத்த வாரமே, போர்முனையில் அவரோடு ஒரே பங்கரில் இருந்த நசீரும் இன்னொருவரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்கள். தட்டிப் பார்த்தேன். அவர்களும் கடனே வாங்காதவர்கள்; அவர்கள் பிணையும் செல்லாது. எனக்கு அவமானமாக இருந்தது. நசீர் நிதானமாகத்தான் கேட்டார்.

“அங்க இவன் உசுருக்கு நான் பிணை நின்னேன். இங்க ஒரு வீட்டுக்கு நிக்க முடியாதா?”

பதினான்கு நாள்

மாதம் தவறாமல் பென்ஷன் விழுகிற வங்கிப் புத்தகம் போதாதா என்று தலைமையகத்துக்கு எழுதி எழுதி, மூன்று மாதத்தில் சம்மதிக்க வைத்தேன். பதினான்கு நாளுக்குள் வந்து கையெழுத்துப் போடும்படி அந்தோணிசாமிக்குக் கடிதம் அனுப்பிவிட்டு, பெருமையாக ஒரு பிளேன்டீ குடித்தேன்.

லயத்துக்குத் தபால்காரர் போவதில்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீஸில் இறங்கும். காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது கொடுப்பார்கள். அந்தோணிசாமி தோட்டத் தொழிலாளி அல்ல. மேரியும் வேலையை விட்டு வருடங்களாகின்றன. பெரட்டுக்குப் போக அந்த வீட்டில் ஆளில்லை. லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ‘கடிதம் வரும், அலையாதீங்க’ என்று நானே சொல்லியும் அனுப்பியிருந்தேன். ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

கடிதம் அவர் கைக்குப் போனபோது கெடு முடிந்திருந்தது. காணிக்காரர் வேறு ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். முதலிலிருந்து விண்ணப்பிக்கச் சொன்னேன். அந்தோணிசாமி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூட வந்திருந்த மேரிதான் குடையை எடுத்துக்கொண்டே சொன்னார்.

“மழைக்கு மட்டும் எங்க விலாசம் நல்லாத் தெரியுதுங்க சார்.”

பதினெட்டு வருட சர்வீஸில் நான் கண்டது இவ்வளவுதான்: ஏற்கெனவே ஒரு நல்ல வீட்டில் இருப்பவருக்குத்தான் வீட்டுக்கடன் சுலபமாகக் கிடைக்கிறது.