என் மகளின் கருநாக்கு

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் பெங்களூர் ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். பக்கத்துப் போர்ஷனில் என் நாத்தனாரும் அவர் கணவரும். என் ஏழு வயது மகளுக்குப் பிறந்ததிலிருந்தே நாக்கில் கறுப்புத் திட்டுகள் உண்டு. கருநாக்கு, சொன்னால் பலிக்கும் என்று முதலில் எல்லாரும் கேலியாகத்தான் சொன்னார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள்கூட வந்து, "பாஸ்னு சொல்லுடி" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஒரு மழை நாளில் சைக்கிளை எடுத்த மாமாவிடம், அதாவது நாத்தனாரின் கணவரிடம், "வழுக்கும் மாமா, விழுந்துடுவீங்க" என்றாள். அவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். தேய்ந்துபோன டயரோடு சகதியில் போனால் விழாமல் என்ன செய்வார்? இதைச் சொல்லக் கருநாக்கு வேண்டுமா? ஆனால் நாத்தனாருக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாள் காலை குழாயடியிலிருந்து திரும்பினேன். என் மகளைச் சுவரோடு சாய்த்து, தாடையை அழுத்திப் பிடித்து, உப்பும் அடுப்புக்கரியும் தடவி, பித்தளை நாக்கு வழிப்பானால் சுரண்டிக்கொண்டிருந்தார் நாத்தனார். குழந்தையின் வாயெல்லாம் ரத்தம்.

"கத்தாதே. இன்னும் கொஞ்சந்தான், கறை பூடும். நாளைக்கு இவள எவன் கட்டிக்குவான்? உம் பொண்ணு நல்லதுக்குத்தான் செய்யறேன்" என்றார் என்னிடம்.

குடத்தை அப்படியே போட்டேன். நான் தள்ளிய தள்ளில் அவர் அரிசி டிரம்மில் போய் மோதினார். பெரியவர், கணவரின் அக்கா என்றெல்லாம் பார்க்கவில்லை. இன்றுவரை அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

ஒரு கையில் குழந்தை, மறு கையில் அவர் என்று இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த கன்னட லேடி டாக்டர் பார்த்ததும் கொதித்துப் போனார்.

"ஏனம்மா, இது என்ன அழுக்கா, சும்னே சொரண்டறதுக்கு? தோலுக்குள்ளயே இருக்கற கலரு, மச்சம் மாதிரி. மேல சொரசொரன்னு இருக்கே, அதுக்கு நடுவுலதான் ருசி தெரியற மொட்டு இருக்கு. அதைப் போய்ப் பிச்சு வெச்சிருக்கீங்க!"

பிறகு என் நாத்தனாரின் கீழுதட்டை இழுத்துப் பிடித்து, முன்னால் ஒரு கண்ணாடியைக் காட்டினார். "பாரு, உன் ஈறும் கறுப்புதான். அதே கலருதான். சொரண்டட்டா?"

நாத்தனார் உதட்டை விடுவித்துக்கொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

வாயில் பட்ட காயம் சீக்கிரம் ஆறும் என்று டாக்டர் சொன்னபடியே புண் ஆறிவிட்டது. ஆனால் என் மகள் பேசவில்லை. பள்ளிக்கூடத்திலும் பேசவில்லை, வீட்டிலும் எல்லாம் ஜாடைதான். கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டதற்கு ஒருநாள் என் காதோடு சொன்னாள்: "நான் பேசினா யாருக்காச்சும் எதாச்சும் ஆயிடும்மா."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "என்னப் பாத்து, செத்துப் போன்னு சொல்லு" என்றேன். தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். நான் விடவில்லை. கடைசியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "செத்துப் போ" என்று முனகினாள்.

நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துத் தோசை வார்த்தேன். வெகுநேரம் அவள் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சட்னி இல்லியாம்மா?" என்று கேட்டாள்.

எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனால் யாராவது ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கருநாக்கு என்று சொன்னாலும் அன்றைய கோபம் அப்படியே மேலே வருகிறது; அந்த நாக்கு என்னைச் சாகச் சொல்லியும் இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறேன் என்பதை அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் நான் விடுவதில்லை.