உப்பளத்தில் இறங்கிப்போன சேவியர்

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு. சாயர்புரத்தில் படித்தபோது என்னுடன் விடுதியில் இருந்த புஷ்பம், தருவைகுளம் பக்கம் ஓர் இல்லத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். அவளோடு ஒரு பகல் இருந்து பார்த்தால் தெளிவு கிடைக்கும் என்று சென்ற மாசியில் கிளம்பினேன்.

மதுரையில் காலை ஐந்துக்கு பஸ். எட்டேகாலுக்குத் தூத்துக்குடி புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து டவுன் பஸ் மாறி வடக்கே முக்கால் மணி நேரம். (பெண்களுக்குக் கட்டணம் இல்லை.) இறங்கியதும் ஒருபக்கம் உப்பளம், மறுபக்கம் உடைமுள் மரங்கள், நடுவில் மஞ்சள் சுவர்க் கட்டடம்.

சோறு ஊட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். இருபத்திரண்டு முதியவர்கள், பகலில் இரண்டே பணியாளர்கள். நான் போனபோது புஷ்பம் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, தன்னைவிடக் கனமான ஓர் அம்மாவைப் புரட்டிப் படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "வாசல்ல போய் நில்லுளா, பழகிரும்" என்றாள்.

வாசல் கேட்டில் பூட்டு. அதைப் பிடித்தபடி சட்டையை இன் பண்ணிய ஒரு பெரியவர். பெயர் சேவியர், துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். பெரியவர்களை இப்படி அடைத்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது.

பதினொன்றரைக்குத் தண்ணீர் கேன் வண்டி வந்தது. குளியலறையில் ஒருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த புஷ்பம் சாவியை என்னிடம் நீட்டினாள். கேன்கள் உள்ளே போனபின் சேவியர் மரியாதையாகக் கேட்டார்: "வெளிய நின்னு கொஞ்சம் காத்து வாங்கிக்கிடட்டுமாம்மா?"

விட்டேன். சமையலறையில் கேன்களை வைக்க இடம் காட்டிவிட்டுத் திரும்பியபோது வாசலில் யாரும் இல்லை.

கத்திக்கொண்டு ஓடினேன். புஷ்பம் பதறவில்லை, ஓடவும் இல்லை. ஈரத்தோடு நாற்காலியில் இருந்தவரைத் துவட்டிக் கட்டிலில் படுக்கவைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "இவர விட்டுட்டு நான் வந்தா இவரு விழுந்துருவாரு. நீ வண்டிக்கார அண்ணாச்சியோட போ. ஓடு."

வண்டிக்காரருக்கு அவரது மறதி ஏற்கெனவே தெரிந்திருந்தது. "டூட்டிக்குன்னு கெளம்பிருப்பாரும்மா. போன தடவ ரோட்டுல லாரிக்கு முன்னால நின்னாரு" என்றார். வண்டியில் தாவி ஏறினேன்.

ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தோம். உப்பளப் பாத்திக்குள் கணுக்கால் அளவு நீரில், செருப்பில்லாமல், துறைமுகம் இருக்கும் திசை பார்த்து நடந்துகொண்டிருந்தார். உப்புக்கட்டி கிழித்துப் பாதமெல்லாம் ரத்தம். கையைப் பிடித்தேன், உதறித் தள்ளினார். புஷ்பத்துக்குப் போன் செய்தேன்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றாள். அடுத்து வந்தது அவளிடம் நான் கேட்டறியாத அதிகாரக் குரல். "சேவியர்! எங்கன போறீரு? இன்னைக்குக் கப்பல் வரல. ரூமுக்குப் போயி ரெஸ்ட் எடும்."

அவர் நின்றார். "சரி சார்" என்று வரப்பில் ஏறினார்.

இல்லத்துக்குக் கூட்டிவந்ததும் புஷ்பம் அரைமணி நேரம் அந்தப் பாதங்களைக் கழுவினாள். எரிச்சலில் அவர் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். நான் எழுந்துவிட்டேன். அவளோ ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துடைத்தாள்.

"வலிக்கலையாளா?"

"வலிக்காம இருக்குமா? அந்த மோதிரத்தக் கழட்டி வைக்கணும்னு நேத்தே நெனச்சேன்."

மாலையில் மேலாளரிடம் போய், கதவைத் திறந்தது நான்தான் என்றேன். "சாவியக் குடுத்தது யாரு?" என்றார் அவர். இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று எழுதிய தாளில் புஷ்பம் கையெழுத்துப் போட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "நாளைக்கும் வாரியா? காலைல ஆளு பத்தாது" என்றாள். அந்தக் கேள்வி சேவியர் விட்ட அறையைவிடப் பலமாக என்மேல் விழுந்தது.

இல்லம் பார்க்கப் போகிறவர்களுக்கு: காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போங்கள், அப்போதுதான் உண்மை நிலவரம் தெரியும். தோட்டத்தையும் டிவியையும் பார்த்து மயங்காமல், ஒரு பகலுக்கு எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய பருத்தி வேட்டி, சேலை கொண்டுபோனால் பயன்படும். எந்தக் கதவையும் கேட்காமல் திறக்காதீர்கள்.

அம்மா விஷயம் இன்னும் முடிவாகவில்லை. மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். நான்கு பேரைக் குளிப்பாட்ட உதவியதிலேயே இடுப்பு நிமிரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். புஷ்பம் ஐந்தாவது ஆளுக்கு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தாள்.